வரித்தலை வாத்தும் ஒரு சிவப்புக் கோடும்

மக்கா,

இந்தக் கடிதத்தை லிஃப்டில் நின்றுகொண்டு படிக்காதே. அறைக்குப் போய், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படி. போனில் சொல்லி முடிகிற விஷயமாக இருந்தால் போனிலேயே முடித்திருப்பேன். சனிக்கிழமை காலையில் போனில்தான் சொன்னேன், நீ நம்பவில்லை. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியவள் நான், எழுத உட்கார்ந்தால் நீளமாகத்தான் எழுதுவேன். தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இதை உன்னிடம் சொல்லிவிட வேண்டும். முதலில் சேதியைச் சொல்கிறேன், பிறகு கதை. நான் ஜெயித்துவிட்டேன். சரியாகச் சொன்னால் நீ ஜெயித்துவிட்டாய், பதினான்கு வருடம் தாமதமாக.

நீ புனேக்கு வேலைக்குப் போன வருடம்தான் டாக்டர் எனக்குச் சர்க்கரை என்று சொல்லி, தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். துணைக்கு உன் அப்பாவைக் கூப்பிட்டேன். முப்பது வருடம் பஸ்ஸில் நின்றே கண்டக்டர் வேலை பார்த்தாயிற்று, இனி நடக்க வேறு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். தனியாகவே கிளம்பினேன். ரோட்டில் நடந்தால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தே ஆளைக் கொன்றுவிடுவான் என்று பெரியகுளத்துக் கரையைப் பிடித்தேன். ஒருநாள் உன் அலமாரியைத் துடைக்கும்போது அந்த பைனாகுலர் கையில் கிடைத்தது. உனக்கு ஏழாம் வகுப்பில் அப்பா வாங்கித் தந்தது. தேங்காய்ப்பட்டணத்தில் கல்ஃபிலிருந்து லீவில் வந்த ஒருவரிடம் கெஞ்சி வாங்கி, எனக்குத் தெரியாமல் டிக்கெட் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாரே, அதுதான். வலது பக்கக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்தது, இடது பக்கம் சுத்தமாக இருந்தது. எனக்கும் அப்போது இடது கண்ணில்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது. இரண்டும் பொருத்தமாகப் போயிற்று.

கரையில் நான் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து ஊர் கொஞ்சம் கலங்கித்தான் போனது. "டீச்சர் யாரு விளையில யாரு தேங்கா வெட்டுதானுவன்னு நோட்டம் பாக்கியா?" என்று பால்காரரே கேட்டார். எனக்கு முதல் வருடம் எல்லாம் கொக்குதான். வெள்ளையாக இருந்தால் வெள்ளைக் கொக்கு, கறுப்பாக இருந்தால் கறுத்துப்போன கொக்கு. உன் பழைய பறவைப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படித்தேன். இரண்டாம் வருடம் தாழைக்கோழியும் நாமக்கோழியும் வேறு வேறு என்று தெரிந்தது. மூன்றாம் வருடம் நாகர்கோவிலில் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஷீபா என்ற பெண் நான்கைந்து பிள்ளைகளோடு நம் குளத்தில் பறவை எண்ண வந்தாள். நான் சொன்ன கணக்கும் அவள் கணக்கும் ஒத்துப்போயின. அவள் என் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். அன்று எனக்கு இருந்த கர்வத்தை உன்னிடம் சொல்லவில்லை. உன்னிடம் பறவைப் பேச்சை எடுக்கவே எனக்கு வாய் வராது, ஏன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். ஐப்பசி கடைசி. முந்திய நாள் விடாமல் பெய்த மழை விடியலில் ஓய்ந்திருந்தது. வேளிமலை கழுவிக் கவிழ்த்த சருவப்பானை போலப் பளிச்சென்று இருந்தது. கரைக்குக் கீழே வயல் முழுக்கக் கும்பப்பூ நெல் நடவு முடிந்து, நாற்றுகள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. கரண்ட் கம்பியில் தகைவிலான் குருவிகள் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன, இந்த வருடம் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன். தாமரை இலைகளின் மேல் இலைக்கோழி நீளமான விரல்களைப் பரப்பி நடந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மேலக்கரை பக்கம் கண்ணைத் திருப்பினேன். அங்கே புல்திட்டில் ஒன்று தனியாக மேய்ந்துகொண்டிருந்தது.

சாம்பல் நிற உடம்பு. மஞ்சள் அலகு, மஞ்சள் கால். தலை வெள்ளை. அந்த வெள்ளைத் தலையின் பின்பக்கம் மையால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு, அதற்குக் கீழே இன்னொன்று. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். இரண்டு. கண்ணை மூடித் திறந்து எண்ணினேன். இரண்டு. போனில் படம் எடுத்தேன், படத்தில் குளமும் மலையும் என் கட்டைவிரலும் இருந்தன, பறவை இருந்த இடத்தில் ஒரு புள்ளி இருந்தது. உடனே உனக்குத்தான் அடித்தேன். நீ தூக்கக் கலக்கத்தில் எடுத்தாய்.

"வாத்துக்காரனுவளுக்க வாத்தா இருக்கும்மா. கூட்டத்த விட்டுத் தப்பி நின்னிருக்கும்."

"தலையில கோடு ரெண்டு கெடக்கு மக்கா. மூணு தரம் எண்ணிட்டேன்."

"நிழலா இருக்கும். அதெல்லாம் இங்க வராது. நீ வெயிலுக்கு முன்ன வீட்டுக்குப் போ."

போனை வைத்த பிறகு, "அதெல்லாம் இங்க வராது" என்று நீ சொன்னதை ஒருமுறை நானே சொல்லிப் பார்த்தேன். உன்மேல் கோபம் இல்லை. அந்த வார்த்தை என்னுடையது. அட்சரம் பிசகாமல் என்னுடையது. நீ ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது இதே ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணக்கு டியூஷனுக்குப் போகாமல் முழங்கால் வரை சேற்றோடு ஒன்பது மணிக்கு வீட்டுக்குள் ஓடிவந்தாய். "அம்மா, வரித்தலை வாத்தும்மா! இமயமலையத் தாண்டி வந்தது, நம்ம குளத்துல நின்னுச்சு!" என்று நீ கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டது. டியூஷன் வாத்தியார் என்னோடு வேலை பார்த்தவர், உங்கள் மகன் வரவில்லையே என்று அப்போதுதான் போன் செய்திருந்தார். எனக்கு மானம் போயிற்று. "வாத்துக்காரன் விட்டுட்டுப் போன வாத்தக் கண்டுட்டு வந்து எனக்கிட்ட இமயமலைக் கத அளக்கியா? அதெல்லாம் இங்க வராது" என்றேன். நீ உன் குருவி நோட்டைத் திறந்து எழுதியிருந்ததைக் காட்டினாய். மேஜைமேல் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுத்தாள் குவிந்திருந்தது, கையில் சிவப்புப் பேனா இருந்தது. அந்த வரியின் குறுக்கே கோடு இழுத்தேன். பக்கத்தில் "தவறு" என்று எழுதினேன். அதோடு விட்டேனா? பொய் எழுதிய பிள்ளைகளிடம் வகுப்பில் வாங்குவதுபோல, கீழே உன்னிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

நீ அழுதிருந்தால் நான் இளகியிருப்பேன் என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அழவில்லை. அழகாக, முழுப்பெயரும் இனிஷியலும் வைத்துக் கையெழுத்துப் போட்டாய். அதற்குப் பிறகு அந்த நோட்டில் ஒரு வரியும் இல்லை. பைனாகுலர் அலமாரிக்குள் போயிற்று. கணக்கில் நல்ல மார்க் வாங்கினாய், எனக்குச் சந்தோஷம். ஆனால் நீ கொஞ்சம் கொஞ்சமாக எதற்கும் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கியதை நான் கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தேன். சட்டைக் கடையில் நிறம் கேட்டால் என் முகம். கல்லூரியில் எந்தப் பாடம் என்று கேட்டால் என் முகம். "எனக்கு என்ன தெரியும், அம்மா சொல்லுவாங்க" என்று நீ சொன்னபோது, எவ்வளவு அடக்கமான பையன் என்று மற்றவர்கள் பாராட்ட, நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். என் மகனின் கண்ணை நானே பிடுங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதனால் சனிக்கிழமை கரையில் நின்று ஒரு முடிவு எடுத்தேன். இதை விடக்கூடாது. இன்னொருத்தர் கண்ணால் பார்த்து, ஆமாம் என்று சொல்லும்வரை நகரக்கூடாது. ஷீபாவுக்கு அடித்தேன். "டீச்சர், படம் இல்லன்னா ஒருத்தரும் ஏத்துக்க மாட்டாங்க. ஆனா நீங்க சொன்னா நான் நம்புவேன். முக்கால் மணிக்கூர்ல கேமராவோட வாறேன், அத மட்டும் பறக்க விடாதீங்க" என்றாள். பறக்க விடாமல் இருக்க அது என்ன கோழியா, கூடை போட்டு மூட? அரசமர மூட்டில் குடையை விரித்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தூரத்தில் தங்கப்பனின் சைக்கிள் தெரிந்தது.

தங்கப்பனை உனக்குத் தெரியும், குளத்தில் மீன் குத்தகை எடுத்திருப்பவன். இருபது வருடமாக அவனுக்குக் காலையில் ஒரே வேலைதான். குஞ்சு மீனைத் தின்ன வருகிற நீர்க்காகங்களைத் துரத்த ஓலைவெடி போடுவது. ஹேண்டிலில் வெடிப் பை தொங்கியது, காதில் பீடி. ஒரு வெடி போதும், குளத்தில் இருக்கிற அத்தனையும் எழும்பிப் போய்விடும். நான் ஓடினேன். அறுபத்து மூன்று வயதில், மழை பெய்து வழுக்குகிற கரையில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தங்கப்பா, இன்னைக்கு ஒரு மணிக்கூர் வெடி போடாண்டாம்."

"என்ன டீச்சர் சொல்லுதிய? அந்தால பாருங்க, முப்பது காக்கா முங்கி முங்கித் தின்னுது. எனக்க மீனு முழுக்கப் போவும்."

"மேலக்கரையில ஒரு பறவ நிக்கி. அது போயிரப்பிடாது."

"அதும் மீனுதானே தின்னும்?"

"அது புல்லு தின்னும்டே. சுத்த சைவம்."

"அது சைவம், செரி. காக்கா சைவமா?"

அவன் பைக்குள் கைவிட்டு வெடியை எடுத்துவிட்டான். எனக்கு வேறு வழி தெரியவில்லை, பைனாகுலரைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினேன். "இடது பக்கத்துக் குழல்ல மட்டும் பாரு. பாத்துட்டு உனக்கு என்ன தோணுதோ செய்யி" என்றேன். அவன் முதலில் வானத்தைப் பார்த்தான், பிறகு வயலைப் பார்த்தான், ஒருவழியாக மேலக்கரைக்கு வந்தான். வந்ததும் அசையாமல் நின்றான்.

"டீச்சர், தலையில கோடு ரெண்டு உண்டு, கேட்டியளா."

அந்த ஒரு சொல்லுக்காக நான் அவனுக்கு என்ன வேண்டுமானாலும் செய்வேன் மக்கா. ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை.

"இத நான் முந்தி ஒருக்கா கண்டிருக்கேன். உங்க பய சின்னதா இருக்கச்சில. இதே எடம். அவன் அந்தக் கரையில கமந்து கெடந்து பாத்துட்டு கெடந்தான். நான் வெடியப் பத்த வச்சப்பம், அண்ணாச்சி போடாதீங்க, போடாதீங்கன்னு தண்ணிக்குள்ள எறங்கி ஓடி வந்தான். திரி பத்திட்டுல்லா? என்ன செய்ய? அது எழும்பி மலையப் பாத்துப் போச்சு. பய முழங்கால் தண்ணியில நின்னு அதையே பாத்துட்டு நின்னான்."

"இதை ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கல்லியே டீச்சர்."

உண்மைதான், நான் கேட்கவில்லை. ஊரில் ஒரு ஆளிடம்கூடக் கேட்கவில்லை. உன்னிடமே கேட்கவில்லை. முழங்கால் வரை சேறு எப்படி வந்தது என்று ஒரு தாய்க்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டாமா? கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். தங்கப்பன் பயந்துபோய் வெடியைப் பைக்குள் போட்டு, அந்தப் பையைத் தன் கால்மூட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். நீர்க்காகங்கள் அவன் மீனைத் தின்றுகொண்டே இருந்தன. ஒவ்வொன்று முங்கும்போதும் "சவம், ஒண்ணு போச்சு" என்று முனகினான், ஆனால் எழுந்திருக்கவில்லை. இருபது வருடத்தில் அவன் வெடி போடாமல் காத்திருந்த முதல் காலை அதுவாகத்தான் இருக்கும்.

ஷீபா வந்து சேர்ந்தபோது பறவை கோரைக்குள் புகுந்து மறைந்துவிட்டது. எனக்கு உயிர் போய்விட்டது. அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம், இருபது நிமிடம். தங்கப்பன் என்னைப் பார்த்தான், நான் கோரையைப் பார்த்தேன். பிறகு அது வெளியே வந்தது, சம்பந்தக்காரர்கள் வீட்டு முற்றத்தில் இறங்கி நடப்பதுபோல நிதானமாக, நடு வெயிலில், தலையைப் பக்கவாட்டில் திருப்பி நின்றது. ஷீபாவின் கேமரா சடசடவென்று அடித்தது. "டீச்சர்! டீச்சர்! டீச்சர்!" என்று மூன்று தரம் சொன்னாள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கோடு இரண்டு. எங்கள் ஆறு கண்ணுக்கும் இரண்டு.

கொஞ்ச நேரத்தில் அது இறக்கையை விரித்தது, தொண்டைக்குள்ளிருந்து ஒரு குரல் கொடுத்தது, குளத்தை ஒரு வட்டம் சுற்றி வேளிமலை பக்கமாகப் போயிற்று. நாங்கள் மூன்று பேரும் கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம். தங்கப்பன் வெடிப் பையைக் கையில் எடுத்தான்.

"டீச்சர், இனி போடலாமா?"

"போடு தங்கப்பா," என்றேன். "இருக்கிற எல்லாத்தையும் போடு!"

அவன் பையோடு கொட்டி ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் போட்டான். நீர்க்காகமெல்லாம் அலறி எழுந்தன. வெடிச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எந்தக் கோயிலில் கொடைவிழா என்று ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கரையில் நின்று சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினேன். எனக்கு வெட்கமாகவே இல்லை. அது உனக்காகப் போட்ட வெடி மக்கா.

நான் பழைய கதையைச் சொன்னதும் ஷீபா கேட்டாள், "அந்த நோட்டு இப்பம் இருக்கா டீச்சர்?" வீட்டுக்கு அழைத்து வந்தேன். உன் அப்பா கதையைக் கேட்டுவிட்டு, "அவன் பொய் சொல்ல மாட்டான்னு நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றார். நினைத்ததை இத்தனை வருடம் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "டிக்கெட் பையில" என்றார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் தானே சாயா போட்டார். அலமாரியின் அடித்தட்டில் நோட்டு இருந்தது. தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதியிருந்தாய். "வரித்தலை வாத்து, ஒன்று. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. புல் மேய்ந்தது. வெடிச் சத்தத்தில் பறந்துவிட்டது." கடைசி மூன்று சொல்லின் மேல்தான் என் சிவப்புக் கோடு அழுத்தமாகப் போயிருந்தது. தங்கப்பன் சொன்னது அங்கேயே எழுதியிருந்தது. நான் கடைசிவரை படிக்காமலே திருத்தியிருக்கிறேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் தாளையும் அப்படி நான் திருத்தியதில்லை. ஷீபா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் நம் குளத்துக்கு நேராக வரித்தலை வாத்து இரண்டு தடவை ஏறியிருக்கிறது. இரண்டாவதில் என் பெயர், முதலாவதில் உன் பெயர்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆசிரியை கேட்பதுபோல் இல்லை, அம்மா கேட்கிறேன். பெற்றவர்கள் மன்னிப்புக் கேட்கக்கூடாது என்று நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு, அந்தப் பழக்கம் நாசமாகப் போகட்டும். தை மாதம் ஒரு பெண் உன் வீட்டுக்கு வருவாள். ஒருநாள் அவள் சேற்றுக் காலோடு ஓடிவந்து உன்னிடம் ஒன்றைச் சொல்வாள். வேலை விஷயமாக இருக்கும், உடம்பு விஷயமாக இருக்கும், உன் அம்மாவைப் பற்றியதாகவும் இருக்கும். அதெல்லாம் இருக்காது என்று சொல்லிவிடாதே. எங்கே கண்டாய், எப்படி இருந்தது என்று கேள். நான் கேட்காமல் விட்டது அந்த இரண்டு கேள்விதான்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தைத் திறந்து பார். "தவறு" என்று நான் எழுதியதை அடித்துவிட்டு, அதே சிவப்பு மையில் "சரி" என்று எழுதியிருக்கிறேன். அன்று நீ கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே இன்று நான் போட்டிருக்கிறேன், முழுப்பெயரும் இனிஷியலும் வைத்து. அதற்குப் பிறகு வருகிற பக்கங்கள் எல்லாம் வெறுமையாகத்தான் இருக்கின்றன, அவை உன்னுடையவை.

கடைசியாக ஒன்று. போன மாதம் தக்கலையில் பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, உனக்குப் பிடித்திருக்கிறதா என்று காரில் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்து, "உனக்குப் பிடிச்சா செரிதான்" என்றாய். அந்த விடையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நோட்டோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அவளை நீ பார்த்தாய், அவளோடு அரைமணி நேரம் பேசினாய். நீ கண்டதை நீயே எழுது. இந்தத் தடவை என் கையில் பேனா இருக்காது.

உன் அம்மா